ஒரே கல்லறைக்கு இரண்டு ஜன்னல்

அவையோருக்கு வணக்கம்.

“பாலஸ்தீனத்தில் அமைதி வர மதம் தடையா, துணையா?” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், “இதில் பேச என்ன இருக்கிறது? அங்கே மதத்தை எடுத்துவிட்டால் சண்டை தானாக நின்றுவிடும்” என்றார். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அது முதலில் மண்ணுக்கான சண்டை. 1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். திரும்பிப் போகவே முடியாத வீட்டின் சாவியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. 1967-இல் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் வந்தன. இந்தச் சண்டைக்கு இறைவனைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் மனிதர்கள்.

ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஹெப்ரான். நம் வேதாகமத்தில் எபிரோன், அரபியில் அல்-கலீல். கலீல் என்றால் நண்பர். இறைவனின் நண்பரான இப்ராஹீம் நபியின், அதாவது ஆபிரகாமின், ஊர் என்று அர்த்தம். எபிரேயப் பெயரின் வேரிலும் நட்பு என்ற பொருளே இருக்கிறது என்பார்கள். ஆபிரகாமை அடக்கம் செய்த மக்பேலா குகை அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குப் போய் ஆதியாகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தகப்பனை அடக்கம் செய்தது யார்? ஈசாக்கும் இஸ்மவேலும். சொத்தில் பங்கில்லை என்று அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்துத் தாயோடு அனுப்பப்பட்டவன் இஸ்மவேல். அவன் தகப்பன் சாவுக்கு வந்து நிற்கிறான். பத்து வருஷமாக முகம் பார்க்காத பங்காளிகள் பாடைக்குத் தோள் கொடுக்க வந்து நிற்பதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோமே, அதே காட்சி. யூதர்கள் ஈசாக்கின் வழி, அரபு மக்கள் இஸ்மவேல் என்ற இஸ்மாயீலின் வழி என்றுதான் இருவரின் மரபும் சொல்கிறது.

அந்த ஊரில்தான் 1929-இல் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கே பல அரபுக் குடும்பங்கள் தங்கள் யூத அண்டைவீட்டாரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக் காப்பாற்றின. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1994 பிப்ரவரி 25, நோன்பு மாதம், வெள்ளிக்கிழமை சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகை நேரம். பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறி, படித்த டாக்டர், அந்தக் குகைக்கு மேலே இருக்கிற பள்ளிவாசலில் சஜ்தாவில், நெற்றி தரையில் படக் குனிந்திருந்தவர்களைச் சுட்டார். 29 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்த இடத்தைப் பள்ளிவாசல் ஒரு பக்கம், யூதர்களின் ஜெப இடம் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். ஆபிரகாமின் கல்லறை மாடம் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல், இடையில் குண்டு துளைக்காத கண்ணாடி. இரண்டு பக்கத்திலும் கண்ணீரோடு வேண்டிக்கொள்கிறவர்கள் ஒரே தகப்பனைத்தான் பார்க்கிறார்கள்.

இனி நான் சொல்லப் போகிறவர்கள் அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போனவர்கள்.

யிட்சாக் ஃபிராங்கெந்தால் ஆசாரமான யூதர். எப்போதும் தலையில் கிப்பா என்ற சிறு யூதத் தொப்பி அணிந்திருப்பவர். அவருடைய மகன் ஆரிக்குக்கு 19 வயது, ராணுவத்தில் இருந்தான். 1994-இல் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் அவனைக் கடத்திக் கொன்றது. தகப்பன் என்ன செய்தார் தெரியுமா? தன்னைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப் புறப்பட்டார். 1995-இல் பெற்றோர் வட்டம் என்ற அமைப்பை உருவாக்கினார். பிறகு பாலஸ்தீனக் குடும்பங்களும் அதில் சேர்ந்தன.

1997 செப்டம்பரில் ஜெருசலேம் பென் யெஹூதா தெருவில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. ராமி எல்ஹனானின் மகள் ஸ்மதார் அதில் இறந்தாள். இன்னும் பதினான்கு வயதுகூட ஆகவில்லை. அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார் ஃபிராங்கெந்தால். பிள்ளையை இழந்த வீட்டுக்குள் வந்து சமாதானம் பேச எப்படி மனம் வந்தது என்று ராமிக்குக் கோபம். இருந்தாலும் ஒருநாள் அவர் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்றார். பாலஸ்தீனர்கள் வந்த பேருந்திலிருந்து கறுப்பு உடை உடுத்திய ஒரு பெண் இறங்கினாள். நெஞ்சில் ஒரு குழந்தையின் படம். தன் மனைவியும் மகளின் படத்தை அப்படித்தான் நெஞ்சில் வைத்திருந்தாள் என்று ராமி இன்றைக்கும் மேடைகளில் சொல்கிறார். அவர் பக்கத்தில் பெரும்பாலும் பஸ்ஸாம் அராமின் இருப்பார். பதினேழு வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் ஏழு வருடம் இருந்தவர். 2007 ஜனவரியில் அனாத்தா ஊரில் பள்ளிக்கு வெளியே எல்லைக் காவல் படையின் ரப்பர் குண்டு பட்டு அவருடைய பத்து வயது மகள் அபீர் இறந்தாள். அந்த இரண்டு தகப்பன்மாரும் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைக்கிறார்கள்.

யூத மதகுரு ராபி மெனகெம் ஃபுரோமனைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவர் வாழ்ந்த தெக்கோவா, ஆக்கிரமித்த மண்ணில் எழுந்த யூதக் குடியேற்றம். அந்தக் குடியேற்ற இயக்கத்தை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் ஹமாஸை நிறுவிய ஷேக் அஹ்மத் யாசினைத் தேடிப் போய்ப் பேசியவர் அவர். 2010-இல் பைத் ஃபஜ்ஜார் கிராமத்துப் பள்ளிவாசலுக்கு யாரோ தீ வைத்தபோது, புதிய குர்ஆன் பிரதிகளோடு அங்கே போய் நின்றார். மண் நமக்குச் சொந்தமில்லை, நாம்தான் மண்ணுக்குச் சொந்தம் என்பது அவர் அடிக்கடி சொன்னது. அந்த வார்த்தையை அவர் கூட்டத்தார் முழுவதுமாக நம்பியிருந்தால் பாலஸ்தீனர்களின் எத்தனை ஒலிவ மரங்கள் வெட்டுப்படாமல் பிழைத்திருக்கும்!

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்து காசாவில் நடந்த போரில் இறந்தவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதாரத் துறை. இந்த எண்களுக்கு முன்னால் நம்பிக்கை என்ற சொல்லை உச்சரிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் சொல்லை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காசா நகரத்தில் திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. போர் தொடங்கியதிலிருந்து போப் பிரான்சிஸ் மாலை நேரத்தில் அந்தப் பங்குத்தந்தைக்குப் போன் செய்வார். ஒருநாள் உரையாடலின் வீடியோ வெளியானது. போப் கேட்டது: “இன்று என்ன சாப்பிட்டீர்கள்?” பதில், “நேற்று மீந்த கோழி.” நம் அம்மாக்கள் போனில் கேட்கிற அதே கேள்வி. கடைசி அழைப்பு 2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை. திங்கட்கிழமை அவர் காலமானார்.

அதே ஆண்டு ஜூலை 17-இல் அந்த ஆலயம் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள், பங்குத்தந்தைக்குக் காலில் காயம். மறுநாளே கத்தோலிக்க முதுபெரும் தந்தையும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தையும் ஒன்றாக உள்ளே போனார்கள். ஆகஸ்டில் நகரத்தைவிட்டு வெளியேறச் சொல்லி இஸ்ரேலின் உத்தரவு வந்தது. அந்த வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்கிறவர்கள் அன்னை தெரசா சபைச் சகோதரிகள். கொல்கத்தாவில் பிறந்த அதே நீலக்கரை வெள்ளைச் சேலை. நடக்கவே முடியாதவர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது? குருக்களும் சகோதரிகளும் அவர்களோடு அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

நன்றி, வணக்கம்.