அஸ்வெசுமவும் மொட்டைப் பெட்டிசமும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். நலன்புரிக் கொடுப்பனவுகளில் நடக்கிற மோசடி பற்றியும், அதைப் பிடிக்க அரசு என்ன செய்கிறது என்பது பற்றியும் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வன்னியில் பிரதேச செயலகங்களில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதுதான் எனக்குள்ள தகுதி. பொய் சொல்லிக் காசு எடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன், உண்மையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டாவது கூட்டம்தான் பெரியது என்பது என் கணிப்பு.

முதலில் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி இருந்தது. 1995இல் வந்த திட்டம். வசதியானவர்கள் உள்ளே, ஏழைகள் வெளியே என்ற புகார் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அரசியல்வாதி சொன்ன பெயர்கள் பட்டியலில் ஏறின என்றும் சனம் கதைத்தது. இதைச் சரிக்கட்டத்தான் 2002இல் நலன்புரி நன்மைகள் சட்டம் வந்தது. வந்தும் இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்தது என்றே சொல்ல வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தானபின் தூசு தட்டி எடுத்தார்கள். அதன்கீழ் 2023 ஜூலையில் தொடங்கியதுதான் அஸ்வெசும, வறிய குடும்பங்களின் வங்கிக் கணக்குக்குக் காசு போடுகிற திட்டம்.

சரி, எங்கள் பக்கம் மோசடி என்றால் எப்படி இருக்கும்? உழவு இயந்திரம் முற்றத்தில் நிற்கும், அதன் பதிவுப் புத்தகம் மச்சான் பெயரில் இருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற காசு உண்டியலில், அதாவது ஆள் மூலம் கைமாறி வரும், வங்கிக்குத் தெரியாது. ஒரே அடுப்பில் சமைக்கிற குடும்பம் விண்ணப்பத்தில் மட்டும் இரண்டாகிவிடும். அப்பு மோசம் போய் ஆண்டுத் திவசமும் முடிந்திருக்கும், அவர் பெயரில் காசு விழுந்துகொண்டிருக்கும். இதெல்லாம் நடக்கிறது. இல்லை என்று சொல்ல நான் வரவில்லை.

இதைத் தடுக்க அஸ்வெசுமவில் 22 குறிகாட்டிகள் வைத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகள். வீட்டுக்கு வந்து தகவல் எடுத்து, புள்ளி போட்டு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். ஆளின் முகம் பார்க்காமல் கணக்கைப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் கணக்கு பார்க்கிற பொருட்கள் வன்னியில் வேறு கதை சொல்லும்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்துக் கட்டியது. கல்வீடு, ஓட்டுக்கூரை. றோட்டில் நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்ளே போனால் சுவருக்குப் பூச்சு இல்லை, அறைக்குக் கதவில்லை, வாசலில் பழைய சேலை தொங்குகிறது. புருஷன் 2009இல் காணாமல் போனவர். அந்த அம்மா கச்சான் வறுத்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறா. அந்த வீடு அவவின் வசதியைக் காட்டுவதில்லை, போரில் எல்லாம் இழந்ததால் கிடைத்தது அது. இதைக் குறிக்க விண்ணப்பத்தில் ஒரு கூடு கிடையாது.

இன்னொன்று, காலம். காலபோக அறுவடை முடிந்த கையோடு வந்து பார்த்தால் விறாந்தை முழுக்க நெல் மூட்டை. கடன்காரன் வந்து போனபின், ஆவணியில் வந்து பார்த்தால் சாக்குத்தான் மிஞ்சியிருக்கும். எது உண்மை? இரண்டும்தான். அவுஸ்திரேலியாவில் இப்படி ஒரு கணக்கால் பெரிய அநியாயமே நடந்தது. நலன்புரிக் காசு எடுத்த ஒருவரின் வருட வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டு, ‘நீ கூட எடுத்துவிட்டாய், திருப்பிக் கட்டு’ என்று கணினி கடிதம் அனுப்பியது. வேலை கிடைத்த கிழமையும் கிடைக்காத கிழமையும் அதற்கு ஒன்றுதான். அது சட்டவிரோதம் என்று முடிவாகி, 2023இல் அரச ஆணைக்குழுவும் கடுமையான அறிக்கை கொடுத்தது. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புப் பணம் எடுத்த ஆயிரக்கணக்கான பெற்றோரைப் பிழையாக மோசடிக்காரர் ஆக்கியதற்காக 2021இல் அரசாங்கமே பதவி விலகியது. பிரித்தானியா ஒரு நல்ல வேலை செய்கிறது. கூடுதலாகக் கொடுபட்ட நலன்புரிக் காசை மோசடி, பெறுபவர் விட்ட பிழை, அலுவலகம் விட்ட பிழை என்று மூன்றாகப் பிரித்து வருடாவருடம் வெளியிடுகிறது. இங்கே மூன்றுக்கும் ஒரே பெயர், களவு.

இனிப் பெட்டிசத்துக்கு வருவோம். தெரிவுப் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டுவார்கள். பெயர் இல்லாதவர் மேன்முறையீடு செய்யலாம். பெயர் உள்ளவருக்கு எதிராக யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். மோசடி பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. அயலவருக்குத் தெரியாதது கணினிக்கா தெரியப்போகிறது? ஆனால் எல்லைவேலிச் சண்டை, கோயில் நிர்வாகப் பிரச்சினை, மாடு பயிருக்குள் போனது எல்லாம் இதே வழியால் வரும். மொட்டைப் பெட்டிசம் என்கிற கையெழுத்தில்லாத கடிதங்களில் எத்தனையோ அப்படிப்பட்டவை. கணவனில்லாத பெண்களைப் பற்றி எழுதியவற்றை வாசிக்கவே கூசும். என் அபிப்பிராயம் இதுதான்: மொட்டைப் பெட்டிசம் வந்தால் போய்ப் பார்க்கட்டும். போய்ப் பார்க்காமல் காசை நிறுத்தக் கூடாது.

காசு எடுக்கிறவர்களையே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கடனுக்கு அரிசி கொடுத்துவிட்டு வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைக்கிற கடைக்காரர், விண்ணப்பம் நிரப்பக் காசு கேட்கிற தரகர், ‘அஸ்வெசுமவிலிருந்து கதைக்கிறம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ’ என்கிறவர். ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம்.

குடும்பத்தில் யாராவது இறந்தாலோ, ஒருவருக்கு நிரந்தர வேலை கிடைத்தாலோ கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தகவல் எடுக்க வருகிறவரிடம் வீட்டுத்திட்ட வீடு, குத்தகை வயல், லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் என்று நீங்களே விளக்கமாகச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கொடுப்பனவை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, அந்த விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.