ஆமை ஓட்டிலிருந்து கொட்டலசுகளைப் பெயர்க்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ஆமை ஓட்டில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகள் (பார்னக்கிள்) என்னும் சின்னக் கடலுயிரிகளைக் கத்தியால் நெம்பி எடுக்கும் காணொளிகளை உங்களில் பலர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 'பாவம், இப்போதுதான் அதற்கு நிம்மதி' என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூட என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

இதோ, என் கையில் இருப்பது ஒரு கொட்டலசின் வெற்றுக் கூடு. பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். சின்ன எரிமலை போல இருக்கிறது, இல்லையா? பார்த்தால் சிப்பி வகை என்றுதான் தோன்றும். உண்மையில் நண்டுக்கும் இறாலுக்கும்தான் இது உறவு. நீந்தித் திரியும் இளம் உயிரி தன் கடைசிப் பருவத்தில் எதையும் உண்பதில்லை. இடம் தேடுவது ஒன்றுதான் வேலை. உணர்கொம்புகளால் தடவித் தடவிப் பார்த்து, பிடித்த இடத்தில் பசை சுரந்து தலையை ஒட்டிக்கொள்கிறது. அது தண்ணீருக்குள்ளேயே இறுகிவிடும் பசை! பிறகு சுற்றிலும் சுண்ணக் கூடு கட்டி, தலைகீழாகக் கிடந்தபடி, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி இரையை வாரி உண்கிறது. டார்வின் 1846 முதல் 1854 வரை 8 ஆண்டுகள் இவற்றை ஆராய்ந்தார். இதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவரை எனக்கு நன்றாகவே புரிகிறது.

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மேல் வாழும் வகைக்குப் பசை மட்டும் போதவில்லை. அதன் கூட்டில் உள்ள குழிகளுக்குள் திமிங்கிலத்தின் தோலே வளர்ந்து ஏறிவிடுகிறது. கூட்டை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஆமைகளிலும் கழுத்து, துடுப்பு போன்ற மென்மையான இடங்களில் புதைந்து வாழும் வகைகள் உண்டு. ஓட்டின் மேல் தகட்டுக்கு அடியில் இருப்பதும் உயிருள்ள எலும்புதான். கத்தி பட்டால் காயம், காயத்தில் தொற்று.

நலமான ஆமையின் மேலும் சில கொட்டலசுகள் இருக்கும். நீந்தும்போது கொஞ்சம் இழுவை கூடும், அவ்வளவுதான். உடல் முழுக்க மூடியிருந்தால் அந்த ஆமை ஏற்கெனவே நோயுற்றிருக்கலாம். சோர்ந்து மிதக்கும் உடலில் இவை எளிதாகக் குடியேறிவிடும். அப்படி ஒன்றைக் கண்டால் மீட்பு மையத்துக்குச் சொல்லுங்கள். அங்கே நன்னீரில் வைப்பார்கள். உப்பில்லாத நீரில் கொட்டலசுகள் செத்து உதிரும். அதோடு ஆமையின் நோய்க்கும் மருத்துவம் நடக்கும்.

உண்மையிலேயே கொடுமை செய்யும் உறவினர் ஒன்று இந்தக் குடும்பத்தில் உண்டு. அதன் பெயர் சாக்குலினா. அதற்குக் கூடே கிடையாது. நண்டின் உடலுக்குள் சில செல்களாக நுழைந்து, வேர்கள் போலப் பரவி, அதன் இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடுகிறது. நண்டு முட்டைகளைச் சுமக்கும் இடத்தில் தன் முட்டைப்பையை வெளியே தள்ளுகிறது. அந்தப் பையைத் தன் முட்டைகளாகவே எண்ணி நண்டு காக்கிறது, சுத்தம் செய்கிறது. சாக்குலினா ஆண் நண்டுக்குள் நுழைந்தால் அந்த நண்டின் வயிற்று மடல்கூட பெண் நண்டினுடையது போல அகன்றுவிடும். அதுவும் அந்தப் பையைத் தாய் போலவே பேணும்.