கோப்பின் தலைப்பில் ஒரு பெயர்

நண்பர்களே,

நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் விடும் திறமூல மென்பொருளின் கோப்பு ஒன்றைத் திறந்தால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது சில வரிக் குறிப்பு: ஆண்டு, ஒரு பெயர், உரிமம். அதைப் படிக்காமல் நேராக நிரலுக்குப் போய்விடுகிறோம். சிலர் கோப்பைச் சுத்தம் செய்வதாக நினைத்து அழித்தும் விடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இன்று பேசுகிறேன்.

குறிப்பு இல்லாவிட்டாலும் பதிப்புரிமை உண்டே என்பார்கள். உண்மைதான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதியதுமே உரிமை வந்துவிடும். அமெரிக்காவிலும் 1989 மார்ச் முதல் குறிப்பு கட்டாயமில்லை. ஆனால் திறமூலத் திட்டங்கள் பல பயன்படுத்தும் எம்ஐடி உரிமத்தைப் படித்துப் பாருங்கள். பயன்படுத்து, மாற்று, விற்கவும் செய் என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, அது வைப்பது ஒரே நிபந்தனை: பதிப்புரிமைக் குறிப்பும் அனுமதி வாசகமும் எல்லாப் படிகளிலும் இருக்க வேண்டும். காசே கேட்காதவருக்கு இதைக்கூடவா தர முடியாது?

மாதிரி ரயில்களுக்கான ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூலத் திட்டத்தின் கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்துத் தன் மென்பொருளில் சேர்த்தது. எழுதியவர்களின் பெயர்களும் பதிப்புரிமைக் குறிப்பும் அதில் இல்லை. அந்தத் திட்டத்தை நடத்திய ஜேக்கப்சன் வழக்குப் போட்டார். இது பதிப்புரிமை மீறல் இல்லை, வெறும் ஒப்பந்த மீறல்தான் என்று கீழ் நீதிமன்றம் அவர் கேட்ட தடையுத்தரவைத் தர மறுத்துவிட்டது. 2008இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் உரிமத்தில் இருப்பவை நிபந்தனைகளே, அவற்றை மீறிப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. பணம் வாங்காமல் எழுதுகிறவருக்கும் நற்பெயரால் பலன் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

யார் எதை மாற்றினார் என்பதெல்லாம், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றில் இருக்கிறதே என்றால், ஒரே ஒரு கோப்பை மட்டும் யாராவது நகலெடுக்கும்போது அந்த வரலாறு கூடப் போகாது. கோப்புக்குள் இருக்கும் வரிதான் போகும்.

அப்புறம், எழுதியவரும் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு எழுதிய நிரலின் உரிமை பல நாடுகளில் நிறுவனத்துக்குப் போகும். குறிப்பிலும் நிறுவனத்தின் பெயரே வரும். எழுதிய ஆளுக்கு இடம் எங்கே? அதற்காகத்தான் பல திட்டங்களில் எழுதியவர்களின் பெயர்களைப் பட்டியலிடும் ஆதர்ஸ் (AUTHORS) என்ற தனிக் கோப்பு இருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் அதை வைத்திருப்பதே நியாயம் என்பேன்.

பிறர் கோப்பைத் திருத்தும்போது பழைய வரியைத் தொடாதீர்கள். கணிசமாக எழுதியிருந்தால் அதன் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளில் நீண்ட உரிம வாசகம் இடத்தை அடைக்கிறதா? சரி, அதைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் (SPDX) அடையாளத்தை ஒரே வரியில் போடலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2017இல் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அப்படித்தான் போட்டார்கள். ஆனால் அந்த வரி உரிமம் எது என்று மட்டும்தான் சொல்லும், ஆள் யார் என்று சொல்லாது. பெயர் வரியைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.