ஃபாஸ்ட் பாஸ் வாங்கினால் வரிசையே கிடையாதா? சித்தப்பா கிளப்பிய பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது, கும்பகோணத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து பேச்சு மட்டும்தான். பின்னால் காய்கிற மோர்மிளகாய் விற்பனைக்கா என்று போன வீடியோவிலேயே கேட்டீர்கள். இல்லை, அது அம்மாவுடையது, அதில் யாரும் கை வைக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கொஞ்ச நாளாகவே எரிச்சல். என் பாபநாசத்துச் சித்தப்பாவை உங்களுக்குத் தெரியும், கரும்பு ஆலை வீடியோவில் வந்தாரே, அவர்தான். குடும்பத்தோடு எல்லோரும் ஒரு தீம் பார்க் போய்வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவரிடமெல்லாம் "வரிசையில் நிற்காமல் போகலாம் என்று சொல்லி ஒரு பாஸ் விற்கிறான், வாங்காதீர்கள், சுத்த ஏமாற்று வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அய்யம்பேட்டை வரைக்கும் செய்தி போய்விட்டது. இந்தப் பக்கம் திருவாரூர்த் தோழி ஒருத்தி போன் பண்ணி, "எல்லோருக்கும் அந்தப் பாஸையே வாங்கிவிடுகிறோம், அப்புறம் நுழைவு டிக்கெட் வேண்டாம்தானே?" என்கிறாள். ஒருவர் பாஸே மோசடி என்கிறார், இன்னொருத்தி பாஸ் இருந்தால் எல்லாமே முடிந்தது என்கிறாள். இரண்டையும் எல்லாப் பார்க்குக்கும் அப்படியே சொல்லிவிட முடியாது. வாங்குவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து நம் டெல்டாவில் பாதிப் பேர் தீம் பார்க் பேச்சாகத்தான் இருக்கிறார்கள். அங்கே கால் தொங்கியபடி போகிற பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பெயர் தஞ்சோரா. தஞ்சாவூரை நினைத்து வைத்த பெயர் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! பெரிய கோயிலும் தலையாட்டி பொம்மையும் போக இப்போது ஒரு கோஸ்டரும் நம் கணக்கில். அங்கே இந்த மாதிரி பாஸுக்கு ஃபாஸ்ட்ராக் என்று பெயர். சித்தப்பா சண்டை போட்டது அங்கே அல்ல. அது வேறு பார்க், பெயர் வேண்டாம்.

குறுவை வேலை ஆரம்பிக்கும் முன் போய்வந்துவிட வேண்டும் என்று மே மாதம், பள்ளி விடுமுறை, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஞாயிறு வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சித்தி வழியில் யாருக்கோ லீவு கிடைக்கவில்லை, அதனால் ஞாயிறுதான் என்றாகிவிட்டது. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியும் முன்பே தாம்பரத்தில் இறங்கி, வேன் பிடித்தோம். என் வழக்கம் தெரியும்தானே, புளியோதரை கட்டிக்கொண்டுதான் போனேன். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேனிலேயே எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். பார்க்கின் உள்ளே விற்கிற சாம்பார் சாதத்தை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்கமாட்டேன்.

கவுண்ட்டரில் சித்தப்பா ஆளுக்கு ஒரு டிக்கெட்டும், அதன் மேல் ஆளுக்கு ஒரு பாஸும் வாங்கினார். பாஸ் விலையே கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் விலை. "எனக்கு வேண்டாம் சித்தப்பா" என்று நான் விலகிக்கொண்டேன். கவுண்ட்டரில் இருந்த பையன் பாஸ் என்று கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டான், அவ்வளவுதான். எந்த ரைடுக்குச் செல்லும், எத்தனை தடவை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்கிறவர்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டையின் பின்பக்கம் கொசு சைஸில் அச்சடித்து வைத்தால் போதாது.

முதல் ரைடிலேயே பிரச்சினை. பாஸ் வரிசையிலும் முன்னால் ஆட்கள்! "காசு கொடுத்தும் நிற்கணுமா?" என்று சித்தப்பா குரல் உயர்ந்துவிட்டது. மக்களே, அந்தப் பாஸ் வரிசையை ஒழிப்பதில்லை. உங்களை வேறொரு வரிசைக்கு அனுப்புகிறது, அந்த வரிசை பெரும்பாலும் சின்னதாக இருக்கும். விடுமுறை ஞாயிற்றுக்கிழமை நிறைய பேர் பாஸ் வாங்கியிருந்தால் அதுவும் நீளும்.

இதை அவருக்குப் புரியவைக்க நான் கல்லணையைத்தான் உதாரணத்துக்கு இழுத்தேன். கல்லணைக்கு வருவது ஒரே தண்ணீர். அதைத்தான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிச்சம் கொள்ளிடம் என்று ஷட்டர் வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் கூடத் திறந்தால் இன்னொரு பக்கம் குறையும். ரைடும் அப்படித்தான். பாஸ் விற்பதால் வண்டியில் ஒரு சீட்கூடக் கூடுவதில்லை. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கிற ஊழியர்தான் ஷட்டர். ஒரு கணக்கு போடுவோம். வண்டியில் 20 சீட், இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்றால் ஒரு மணி நேரத்தில் 600 பேர். சாதா வரிசையில் உங்களுக்கு முன்னால் 300 பேர் என்றால் அரை மணி நேரம்தான். அதே நேரத்தில் பாஸ் வரிசையும் நிறைந்திருந்து, நாலில் மூன்று சீட் அவர்களுக்குப் போனால் சாதா வரிசைக்கு மணிக்கு 150 சீட்தான் மிச்சம். அதே 300 பேருக்கு இரண்டு மணி நேரம்! ஆள் கூடவில்லை, உங்கள் காத்திருப்பு மட்டும் நாலு மடங்கு ஆகிவிட்டது. இதில் தண்டவாளத்தில் இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்றுதான் ஓடுகிறது என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வரிசை நீளத்தைக் கண்ணால் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள், வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது என்று பாருங்கள்.

வயல்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. ஆனால் அடுத்த ரைடில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஏறி இறங்கியவர், பட்டையைக் காட்டி மறுபடியும் அதே பக்கம் நுழையப் பார்த்தார். விடவில்லை. அந்தப் பாஸ் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான். "ரீல்ஸில் ஒருத்தன் திரும்பத் திரும்பப் போனானே?" என்று கேட்டார். அவன் போனது சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்! அங்கே எக்ஸ்பிரஸ் என்று ஒரு பாஸ், ரைடுக்கு ஒரு தடவை. எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் என்று இன்னொன்று, அதில்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும். இரண்டுக்குமே நுழைவு டிக்கெட் தனி. திருவாரூர்க்காரி, கேட்டுக்கொண்டாயா?

அமெரிக்க டிஸ்னி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். அங்கே 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஆரம்பித்தார்கள், இலவசம். மெஷினில் டிக்கெட்டை விட்டால் எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று சீட்டு வரும். 2021-ல் அதை எடுத்துவிட்டு ஜீனி ப்ளஸ் என்று காசுக்கு விற்றார்கள். 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு மணி நேர அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் போய் நுழைய வேண்டும். நினைத்த நேரத்துக்கு நுழைகிற பாஸ் இல்லை அது. 2024 அக்டோபரில் நேரம் குறிக்காமல் நுழையும் பிரீமியர் பாஸ் வந்தது, அதிலும் ஒரு ரைடுக்கு ஒரு தடவைதான். அங்கே இன்னும் இலவசமாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள் தெரியுமா? பழைய வீடியோவை நம்பி டிக்கெட் போடாதீர்கள், நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆக, நேரம் குறித்துக் கொடுக்கிற பாஸ் ஒரு வகை, வாசலில் காட்டியதும் உள்ளே விடுகிற பாஸ் இன்னொரு வகை. வாங்கும் முன் "இது எந்த வகை? எந்தெந்த ரைடு? ஒரு தடவையா, பல தடவையா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள்.

அடுத்து, தண்ணீர்ப் பக்கம். வேவ் பூல், ரெய்ன் டான்ஸ், மெதுவாக ஓடுகிற அந்த மிதவை ஆறு, இதற்கெல்லாம் எதற்கு மக்களே பாஸ்? எல்லோரும் ஒன்றாக இறங்குகிற இடம்! சித்தி நாள் பூராவும் வேவ் பூலில்தான் இருந்தார், கோஸ்டர் பக்கமே தலை வைக்கவில்லை. அவர் கையில் அந்தப் பட்டை சும்மாவே கிடந்தது. வீட்டில் யார் ரைடு ஏறுவார்கள், யார் தண்ணீரில் கிடப்பார்கள், யார் பையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள் என்று முதல் நாளே பேசிவிட்டு, ஏறுகிறவர்களுக்கு மட்டும் வாங்கலாம்.

அப்புறம் அந்த நைலான் டிராயர்! அதை எப்படி மறந்தேன்? இது தண்ணீருக்கு முன்னால் சொல்ல வேண்டியது. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் அல்லது லைக்ரா வேண்டும். சித்தப்பா கொண்டுபோனது நாலு முழ வேட்டியும் ஒரு துண்டும். சரி, அங்கேயே வாங்கலாம் என்று போனால் அந்தக் கடையில் வரிசை, விலை 350 ரூபாய். நம் காந்தி பூங்கா பக்கம் 120 ரூபாய்க்குத் தொங்குகிறது, அதே துணி, அதே கோடு, சத்தியமாக அதே நீலம்! நான் கிளம்பும்போதே சொன்னேன், "ரெண்டு வாங்கிப் போடுங்கள்" என்று. இப்போது இவர் அந்த வரிசையிலும் கைப்பட்டையைக் காட்டுகிறார். துணிக் கடை, லாக்கர், சாப்பாடு, எதிலுமே அது செல்லாது. ரைடுக்கு மட்டும்தான். லாக்கர் வரிசையில் நின்ற நேரத்தில் ஒரு கோஸ்டர் ஏறி இறங்கியிருக்கலாம். அதனால் குடும்பத்தில் ஒருவரை நேராக லாக்கருக்கு அனுப்பிவிடுங்கள், மற்றவர்கள் துணி மாற்றட்டும். நைலான் டிராயரை ஊரிலேயே வாங்குங்கள், இதைத் தனி வீடியோவாகவே போடலாம் என்று இருக்கிறேன்.

இப்போது என் வெற்றிக் கதை. பாஸ் வாங்காத நான் பெரிய ரைடுகள் அத்தனையும் மதியத்துக்குள் முடித்துவிட்டேன்! எப்படி? கேட் திறந்ததும் கூட்டம் மொத்தமும் கண்ணில் படுகிற முதல் ரைடில் போய் நிற்கும். எல்லாப் பார்க்கிலும் இதுதான். நான் மேப்பை முதல் நாள் இரவே ரயிலில் பார்த்துவைத்திருந்தேன். கடைசிக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்தேன். அங்கே இருக்கிற பெரிய கோஸ்டரில் ஈ காக்கை இல்லை. போனேன், முன் வரிசை சீட், இறங்கினேன், மறுபடி ஏறினேன்! காற்று முகத்தில் அடிக்கிற அந்த முதல் இறக்கம், அப்பப்பா, இப்போது சொல்லும்போதும் கை சிலிர்க்கிறது. அங்கிருந்து பின்பக்கமாகவே வாசலை நோக்கி வந்தேன். கூட்டம் உள்ளே வர வர நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் வாசல் பக்கத்து ரைடையும் முடித்துவிட்டேன். செவ்வாய், புதன் மாதிரி வார நாளில், பரீட்சை சமயத்தில் போனால் இந்த நடையே போதும், பாஸ் தேவையே இல்லை. விடுமுறை ஞாயிறு, தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள், கூட வருவது ரைடுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் என்றால் வாங்குங்கள், அது நல்ல பணம்தான். சித்தப்பா மகன் அதை வைத்து நன்றாகவே அனுபவித்தான், அதைச் சித்தப்பா யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிறார்.

சாதா வரிசையில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ் வைத்திருப்பவர் பக்கத்து வழியாகப் போனால் "குறுக்கே புகுகிறான்" என்று திட்டாதீர்கள். அது அவருக்குக் கொடுத்த வழி. குறுக்கே புகுவது எது தெரியுமா? ஒரே ஒரு அண்ணனை வரிசையில் நிறுத்திவிட்டு, அவர் முன்னால் போனதும் "இடம் போட்டிருக்கோம்" என்று பத்துப் பேர் கம்பியைத் தாண்டி வருகிறீர்களே, அதுதான். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம் அது. அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்குப் பல பார்க்குகளில் தனி ஏற்பாடு உண்டு. டிஸ்னியில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதிலும் அப்போதைய காத்திருப்பை ஒட்டித் திரும்பி வரும் நேரம் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தை வரிசைக்கு வெளியே கழிக்கலாம், அவ்வளவுதான். பார்வைக்குத் தெரியாத சிரமமும் இருக்கும். அந்தக் குடும்பங்களை முறைத்துப் பார்க்காதீர்கள்.

முடிக்கப் போகிறேன். இல்லை இருங்கள், உயரம்! அதைச் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாஸ் வாங்கும் முன் வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள், பார்க்கின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த அளவைத் தொடாவிட்டால் எந்தப் பாஸும் ஏற்றிவிடாது. மழை, மின்னல் என்று ரைடை நிறுத்தினால் பாஸ் காசு திரும்ப வருமா என்பதும் பார்க்குக்குப் பார்க் மாறும், டிக்கெட்டில் இருக்கிற விதியைப் படித்துவிடுங்கள். திருவாரூர்த் தோழி, நீ முதலில் டிக்கெட் போடு, பாஸை அப்புறம் பார்க்கலாம். அடுத்த வீடியோ திருபுவனத்திலிருந்து. வரட்டுமா?