பாட்டன் அந்தப் பக்கம், அவன் பாட்டன் இந்தப் பக்கம்
(நகரியில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

திருத்தணியிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வந்தவர்கள் இன்று காலை ஒரு மாநில எல்லையைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். கடைப் பலகைகளில் எழுத்து மாறியிருக்கும். வாடகை வண்டி என்றால் பர்மிட் கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான். 1953 அக்டோபர் 1இல் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியதில், ஆறரை ஆண்டு கழித்து, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி திரும்பியது. நகரியும் புத்தூரும் இங்கேயே நின்றுவிட்டன. அந்தக் கணக்கைக் கிளற நான் வரவில்லை.

என் வருத்தம் வேறு. கோடு போட்டவர்கள் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. நாமாகத்தான் நிறுத்திக்கொண்டோம். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் தஞ்சாவூர், மாமல்லபுரம். வடக்கே வந்தால் திருப்பதி, காளஹஸ்தி. ராகு கேது பரிகாரம் முடிந்த கையோடு வண்டியைத் திருப்பிவிடுகிறோம்.

அந்தக் காளஹஸ்திக்குப் பக்கத்திலேயே தொண்டைமானாடு என்று ஓர் ஊர். அங்கே முதலாம் ஆதித்த சோழனின் பள்ளிப்படை, அதாவது இறந்த மன்னனின் நினைவாக எடுத்த கோயில், இருக்கிறது. பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தவன் அவன். ‘தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்’, அதாவது அந்த ஊரில் இறந்த அரசர், என்று கல்வெட்டு அவனைக் குறிக்கும். இறந்த இடத்தில் மகன் பராந்தகன் கோயில் எடுத்து, விழாவில் பல சமயத்தாருமாக ஆயிரம் பேருக்குச் சோறு போட ஏற்பாடு செய்தான். ராஜராஜனின் சமாதி எங்கே என்று யூடியூபில் மல்லுக்கட்டுகிறோமே, அந்த ராஜராஜனுக்குப் பாட்டனின் பாட்டன் இந்த ஆதித்தன்! நடுவிலுள்ள பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜனே எடுத்த பள்ளிப்படை பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. பாட்டன் அந்தப் பக்கம், அவன் பாட்டன் இந்தப் பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் கை தூக்குங்கள் பார்ப்போம். ... சரி, இறக்கிவிடுங்கள்.

ரேணிகுண்டா பக்கத்துக் குடிமல்லத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பரசுராமேசுவரர் கோயில். யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாட விமானம். கருவறை மண்டபத்தைவிடப் பள்ளத்தில் இருக்கும். உள்ளே சுமார் ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பில் சிவன், வேடனைப் போல. குள்ளன் ஒருவனின் தோள்மேல் கால் ஊன்றி நிற்கிறான். வலக்கையில் ஆட்டைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறான், இடக்கையில் சிறு கலயம், தோளில் மழு. மார்பில் பூணூல் இல்லை. வேட்டி எவ்வளவு மெல்லியது என்று கல்லிலேயே தெரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பின்னால் தள்ளுவாரும் உண்டு. எவ்வளவுதான் தள்ளினாலும் காஞ்சிக் கைலாசநாதருக்கு மூத்தது என்பது என் கட்சி.

சுவரில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தமிழ்! பல்லவர், பாணர் என்ற அரச குலத்தார், சோழர் காலத்துக் கல்வெட்டுகள், அவற்றில் இந்த ஊரின் பெயர் திருவிப்பிரமபேடு. கோயிலைக் காப்பது மத்தியத் தொல்லியல் துறை, குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் அச்சாகும் சுற்றுலாப் பட்டியல் எல்லையோடு நின்றுவிடுகிறது. இங்கே வருகிறவர்களில் பலருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நாம் வருவதில்லை.

ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை பஸ் பேசும்போது இதையும் பேசுங்கள். ரேணிகுண்டா போய்ப் பாப்பாநாயுடுபேட்டை வழியாகக் குடிமல்லம். பாப்பாநாயுடுபேட்டை கண்ணாடி மணிக்குப் பேர் போன ஊர். பிள்ளைகளுக்கு அதையும் காட்டலாம். பிறகு ஏர்ப்பேடு, காளஹஸ்தி, தொண்டைமானாடு. விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், ஜன்னலோர சீட் மட்டும் எனக்கு வேண்டும்.