துக்கத்தின்மேல் துக்கம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அந்தப் பக்கம் ஃபேன் ஓடவில்லை போலிருக்கிறது, முன்னால் வந்து உட்காருங்கள், ரொம்ப நேரம் பிடிக்க மாட்டேன்.

“கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.” நம்மில் பாதிப்பேர் வீட்டில் இந்த வசனம் காலண்டரில் தொங்கும். அம்மா ஐசியூவில் கிடந்தபோது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு சகோதரர் வந்து இதே வசனத்தைச் சொல்லி, “முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள், நீங்கள் விசுவாசிதானே?” என்று கேட்டார். கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கசக்கிக்கொண்டு தலையாட்டினேன். மனதுக்குள் சொன்னதை இந்த மைக்கில் சொல்ல முடியாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், இந்த வசனம் வருகிற பிலிப்பியர் நிருபத்தை, அதாவது அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தை, முதலிலிருந்து வாசித்தேன். நாலே அதிகாரம்தான், ஆனால் ஒரே மூச்சில் நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. பவுல் காவலில் இருக்கிறார், உயிரோடு விடுவார்களா என்பது தெரியாது, வெளியே சிலர் இவருக்கு இன்னும் உபத்திரவம் கூட்டவே பிரசங்கம் பண்ணித் திரிகிறார்கள். பிலிப்பியிலிருந்து உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான். அதைச் சொல்லும்போது, “துக்கத்தின்மேல் துக்கம்” எனக்கு உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார். துக்கத்தின்மேல் என்றால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இல்லையா? அடுத்த அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். அதற்கடுத்த அதிகாரத்தில் எயோதியாளும் சிந்திகேயாளும் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பேருக்கும் பெயர் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டு (சபைச் சண்டை அப்போதே உண்டு), ஒரு வசனம் தள்ளி இந்தச் சந்தோஷ வசனம் வருகிறது. காலண்டரில் இதெல்லாம் அச்சாவதில்லை.

கொஞ்சம் கீழே போனால், எந்த நிலைமையிலும் “மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்கிறார். கற்றுக்கொண்டேன் என்ற அந்த வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே பவுலுக்கு அது வந்துவிடவில்லை. அதைக் கற்ற இடங்களில் ஒன்று இதே பிலிப்பி ஊர்தான். அடித்து, உள்காவலறையில் தள்ளி, காலைத் தொழுமரத்தில் மாட்டியிருந்தார்கள். முதுகுக் காயத்தை அதுவரை யாரும் கழுவவில்லை. நடுராத்திரியில் அவரும் சீலாவும் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்தக் காயங்களைக் கழுவிய சிறைச்சாலைக்காரன், இந்த நிருபத்தைச் சபையில் வாசித்தபோது ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டிருப்பானோ என்று எனக்கு ஒரு ஆசை.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக்கே வருவோம். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில், ஓயாத வலி. சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய துண்டுப்பிரதிகள் தனக்கு உதவவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த ஐசியூ சகோதரர் ஞாபகம்தான் வந்தது. சரி, அந்த அம்மையார் அதோடு விட்டுவிடவில்லை, நோயாளியாகப் படுத்தபடியே மற்ற நோயாளிகளுக்கு எழுத ஆரம்பித்தார்.

அப்புறம், என் அம்மா. ஒன்பதாம் நாள் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சின்ன வயதில் குடும்ப ஜெபத்தில் அம்மா எடுத்துக்கொடுக்கும் பாட்டை மெதுவாக ஆரம்பித்தேன், இரண்டாம் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது, அழுதுகொண்டேதான் பாடினேன். மாஸ்க்குக்குள் அம்மாவின் உதடு அசைந்தது. நர்ஸ் நேரமாயிற்று என்று சைகை காட்டியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.