சதுப்பு நிலத்து ஊரில் பேய் எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொள்ளைநோய்க் காலத் திகில் படத்தில் நம்மை நடுங்கவைப்பது பேயா, மனிதனா? மனிதன்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் 2011இல் வந்த 'சீசன் ஆஃப் தி விட்ச்' படத்தைத் தூக்கிப் பிடித்தார். நிக்கோலஸ் கேஜ் வாள் சுழற்றுகிறார், கடைசியில் சிறகோடு பேய் வருகிறது, மந்திரத்தை வாசிக்கிறார்கள், பேய் ஒழிகிறது. ஐயா, வாசித்து முடித்ததும் கிளம்பிப்போகிற பேய்க்கு நான் எதற்கு நடுங்க வேண்டும்?

அதற்கு முந்தின ஆண்டு கிறிஸ்டோஃபர் ஸ்மித் இயக்கிய 'பிளாக் டெத்' வந்தது. 1348, இங்கிலாந்து. நாடெங்கும் பிளேக் நோயால் சாவு, சதுப்பு நிலத்துக்கு நடுவே ஒரு கிராமத்தில் மட்டும் நோய் இல்லை. செத்தவரை எழுப்பும் சூனியம் அங்கே நடக்கிறதாம். சூனியம் செய்பவரைப் பிடித்துவரப் போகும் படைக்கு ஷான் பீன், அதாவது உல்ரிக், தலைவன். வழிகாட்டி, எடி ரெட்மெய்ன் நடித்த இளந்துறவி ஆஸ்மண்ட்.

அந்த ஊரை ஆளும் லாங்கிவா, ஆஸ்மண்டின் காதலியைக் குழியிலிருந்து எழுப்பிக் காட்டுகிறாள். எழுந்தவள் தன்னிலையில் இல்லை. ஆன்மா சிதைந்துவிட்டது என்று நம்பி, அவனே அவளைக் கொல்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, அவள் முன்பு சாகவேயில்லை, மருந்து கொடுத்து மயக்கியிருந்தார்கள். இதில் பேய்க்கு என்ன வேலை?

உல்ரிக்கைக் குதிரைகளில் கட்டி இழுக்கும் காட்சியைச் சொல்கிறேன். அவன் சட்டையை விலக்கி உடம்பைக் காட்டுகிறார்கள்: பிளேக்கின் அடையாளமான நெறிகட்டி! ஊரைத் தேடி வந்த நோய் அவனோடுதான் வந்திருக்கிறது. மருத்துவமும் இதற்குப் பொருந்துகிறது. தெள்ளுப்பூச்சி கடித்து 2 முதல் 8 நாளில் காய்ச்சல், பிறகு அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டி. கிருமி பூச்சியின் முன்குடலை அடைத்துவிடும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது, பசி தாங்காமல் மறுபடி மறுபடி கடிக்கும், கடித்த இடத்திலேயே கிருமியைக் கக்கும். அந்தப் பூச்சியைச் சுமந்துவரும் தானிய வண்டியும் வழிப்போக்கரும் எட்டாத ஊர் கொஞ்ச காலம் தப்பிக்கும். சூனியம் வேண்டியதில்லை.

"அது கற்பனை" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். இன்றைய பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க், 1349 பிப்ரவரி 14. கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்களைக் கூட்டமாக எரித்தார்கள். அப்போது அந்த நகருக்கு நோயே வந்து சேரவில்லை, நடுவர் அவர்களே! யூதர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள் என்று முந்தின ஆண்டே போப் ஆறாம் கிளமெண்ட் எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்?

படத்தின் முடிவில் அந்த இளந்துறவி லாங்கிவாவைத் தேடித் திரிகிறான். பார்க்கிற பெண் முகத்திலெல்லாம் அவளைக் கண்டு, சித்திரவதை செய்து கொல்கிறான். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றை மட்டும் சொல்லட்டும்: இந்தப் படத்தில் பேய் எந்தக் காட்சியில் வருகிறது?